கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பகத்தையே எடுப்பதா? ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

பயாப்ஸி முடிவு வந்து, ஸ்கேன்களும் முடிந்து, நோய் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு, பல பெண்களிடம் அறுவை மருத்துவர் ஏறத்தாழ இப்படிச் சொல்கிறார்: "கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், அல்லது மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிடலாம். உங்களுக்கு இரண்டுமே பொருந்தும். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள்." வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் இந்த இடத்தில் வந்து நின்றுவிட்டவர்களுடைய கேள்விகளே அதிகம். பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: எதைத் தேர்ந்தெடுத்தால் உயிருக்கு அதிகப் பாதுகாப்பு?

அந்தக் கேள்விக்கு மருத்துவ ஆராய்ச்சி தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. அந்த விடையைப் புரிந்துகொண்டால், நாம் தேர்ந்தெடுப்பது உயிருக்கும் உறுப்புக்கும் இடையில் அல்ல என்பது விளங்கும். எந்தச் சிகிச்சைப் பாதை நம் உடலுக்கும் மனத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் ஒத்துவரும் என்பதே உண்மையான கேள்வி. ஆகவே விடையை முதலில் சொல்லிவிட்டு, அளவுகோல்களுக்குப் பிறகு வருகிறேன்.

## உயிர் பிழைப்பில் வேறுபாடு உண்டா?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறைதான் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் உலகெங்கும் கோலோச்சியது. மார்பகம், அதன் கீழிருக்கும் மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அந்த முறை. புற்றுநோய் மார்பகத்திலிருந்து படிப்படியாக, வரிசையாகவே பரவுகிறது. ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் அதன் அடிப்படையாக இருந்தது. இந்த எண்ணத்தைச் சோதனைக்கு உட்படுத்தியவர்களில் இருவர் முக்கியமானவர்கள்: இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசி, அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர்.

வெரொனேசியின் குழு 1973 முதல் 1980 வரை, 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டியுடைய 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை அறுவை; மற்றொரு பிரிவுக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு. 20 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 2002இல் வெளியானபோது, அதே மார்பகத்திலோ மார்புச் சுவரிலோ நோய் திரும்பியது முதல் பிரிவில் 2.3 சதவீதம், இரண்டாம் பிரிவில் 8.8 சதவீதம். ஆனால் இறப்பு விகிதம் இரண்டிலும் 41 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஃபிஷர் தலைமையில் 1976இல் தொடங்கி 1,851 பெண்களின் விவரங்களைப் பகுத்தாய்ந்த அமெரிக்க ஆய்வும் 20 ஆண்டு முடிவில் இதையே சொன்னது. அந்த ஆய்வில் கூடுதலாக ஒரு பிரிவு இருந்தது. அதில் கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சு தரப்படவில்லை. அவர்களில் 39.2 சதவீதத்தினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் அது 14.3 சதவீதம்.

அண்மைக்காலத்தில் ஸ்வீடனில் சுமார் 49,000 பெண்களின் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு போன்றவை, மார்பகத்தைக் காத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களே சற்று அதிகமாக உயிர் வாழ்கிறார்கள் என்று காட்டுகின்றன. இவை குலுக்கல் முறையில் நடத்தப்பட்டவை அல்ல. உடல்நலத்திலும் நோயின் தன்மையிலும் இரு பிரிவினரிடையே முன்பே இருந்த வேறுபாடுகள் முடிவைச் சாய்த்திருக்கக்கூடும் என்பதால், இவற்றை வைத்து 'காப்பதே உயிருக்கு நல்லது' என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'முழுவதும் எடுத்தால்தான் பிழைக்கலாம்' என்ற அச்சத்துக்கு இன்று இடமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

## எடைபோட வேண்டிய அளவுகோல்கள்

உயிர் பிழைப்பு சமம் என்றான பிறகு, ஒவ்வொரு வழியையும் கீழ்க்கண்டவற்றை வைத்து எடைபோடலாம்: அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு, கதிர்வீச்சு தேவையா, அதை இடைவிடாமல் முடிக்க இயலுமா, எத்தனை முறை அறுவை மேசைக்குப் போக நேரலாம், குணமடைய ஆகும் காலம், பிற்காலத்தில் பரிசோதனை எப்படித் தொடரும், உடல் தோற்றமும் தொடு உணர்வும், நோய் திரும்புமோ என்ற கவலையோடு வாழும் இயல்பு.

இரண்டு விஷயங்கள் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இல்லை. முதலாவது, கீமோதெரபி. மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டால் கீமோ தேவைப்படாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் மருந்து ஆகியவை வேண்டுமா என்பதைக் கட்டியின் தன்மை, அளவு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா என்பவையே தீர்மானிக்கின்றன. மார்பகத்துக்கு வெளியே ஏற்கெனவே நழுவியிருக்கக்கூடிய புற்றணுக்களுக்கான (புற்றுநோய்ச் செல்களுக்கான) மருந்துகள் அவை. மார்பகத்தை எவ்வளவு எடுத்தோம் என்பதற்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பில்லை.

இரண்டாவது, அக்குள் அறுவை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், பெரும்பாலானோருக்கு நோய் முதலில் சென்றடையக்கூடிய ஓரிரு நிணநீர் முடிச்சுகள் எடுத்துச் சோதிக்கப்படும். கை வீக்கம் வருமா என்பது பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, அந்த ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்தவர்களில் சுமார் 6 சதவீதத்தினருக்கும், அக்குளை முழுமையாகச் சுத்தம் செய்தவர்களில் சுமார் 20 சதவீதத்தினருக்கும் கை வீக்கம் ஏற்பட்டது. ஆகவே மார்பகத்தைப் பற்றிக் கேட்கும்போது அக்குளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்பது அவசியம்.

## வழி 1: கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு பெறுவது

லம்பெக்டமி எனப்படும் இந்த அறுவையில் கட்டியோடு அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஓர் ஓரமும் சேர்த்து எடுக்கப்படுகிறது. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள்; ஓரிரு வாரங்களில் வழக்கமான வேலைகளைத் தொடங்கிவிடுகிறார்கள். மார்பகமும் அதன் தொடு உணர்வும் பெரும்பாலும் எஞ்சுகின்றன. சிறிய அறுவை, விரைவான மீட்சி என்ற இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது இதற்குப் பின் வருவது.

எடுத்த திசு நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே அதன் வெளிப்புறம் முழுவதும் மை பூசப்படுகிறது. பல இடங்களில் மேல், கீழ், உள், வெளி என ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறம். பின்பு மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் பார்க்கும்போது, புற்றணு அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், உடலுக்குள் இன்னும் கொஞ்சம் எஞ்சியிருக்கலாம் என்று பொருள். சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு, மையைப் புற்றணு தொடாமல் இருந்தாலே போதும் என்று 2014இல் அமெரிக்காவின் அறுவைப் புற்றுநோயியல், கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கங்கள் சேர்ந்து வழிகாட்டுதல் வெளியிட்டன. பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய ஆரம்ப வகைக்கு 2 மி.மீ. இடைவெளி எதிர்பார்க்கப்படுகிறது. விளிம்பு சுத்தமாக இல்லையென்றால் இரண்டாம் முறை அறுவை செய்ய வேண்டிவரும். மையத்துக்கு மையம் இது மாறினாலும், ஐவரில் ஒருவருக்கு இப்படி நேர்வது அசாதாரணமல்ல. இந்த வாய்ப்பைப் பற்றி முன்கூட்டியே அறிந்திராத பெண்கள், மறு அறுவை என்ற செய்தி வரும்போது நோய் முற்றிவிட்டதாக எண்ணிக் கலங்கிப்போகிறார்கள். அது நோய் முற்றியதன் அறிகுறி அல்ல. முதல் அறுவையின் எல்லைக்கோட்டைச் சற்றுத் தள்ளிப் போடுவது மட்டுமே.

அடுத்தது கதிர்வீச்சு; பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அது. இதை ஏதோ கூடுதல் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொள்ளும் ஒன்றாக நினைக்கக்கூடாது. 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2011இல் வெளியான பகுப்பாய்வின்படி, கட்டியை எடுத்தபின் கதிர்வீச்சு பெறுவது, 10 ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பை 35 சதவீதத்திலிருந்து 19.3 சதவீதமாகக் குறைத்தது. 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறப்பதை 25.2 சதவீதத்திலிருந்து 21.4 சதவீதமாகக் குறைத்தது. இன்றைய மருந்துகளோடு சேர்த்துப் பார்க்கும்போது திரும்பும் வாய்ப்பு இந்தப் பழைய எண்களைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் கதிர்வீச்சையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

ஒரு காலத்தில் ஐந்தாறு வாரங்கள் தினமும் போய்வர வேண்டியிருந்தது; கதிர்வீச்சு மையத்துக்கு வெகுதூரத்தில் வசிக்கும் பெண்கள் மார்பகத்தை முழுவதும் எடுத்துவிடச் சம்மதித்ததற்கு இது பெரிய காரணம். பிறகு அது மூன்று வாரமாகச் சுருங்கியது. பிரிட்டனில் 4,096 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு, மூன்று வாரங்களில் 15 முறையாகத் தந்த 40 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) அளவையும் ஒரே வாரத்தில் 5 முறையாகத் தந்த 26 கிரே அளவையும் ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகளில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது முதல் பிரிவில் 2.1 சதவீதம், ஐந்து முறை மட்டும் பெற்ற பிரிவில் 1.4 சதவீதம். எல்லோருக்கும் ஒரு வாரத் திட்டம் பொருந்தாது. இளம் வயதினருக்குக் கட்டி இருந்த இடத்தில் கூடுதல் அளவு தேவைப்படலாம். ஆனாலும் 'பல வாரங்கள் அலைய முடியாது' என்ற ஒரே காரணத்துக்காக மார்பகத்தை விட்டுக்கொடுக்க எண்ணுபவர், தமக்கு எத்தனை நாள் சிகிச்சை என்று கதிர்வீச்சு மருத்துவரையே நேரில் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிகிச்சையின்போது மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். அறுவைக்குப் பின் தோள் இறுகிப்போயிருந்தால் அந்த நிலையில் படுப்பதே கடினமாகிவிடும். ஆகவே பிசியோதெரபி பயிற்சிகளை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. இடது மார்பகம் என்றால், ஆழ்ந்து மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து இதயத்தைக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறது. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள்தான். பக்க விளைவுகளாகத் தோல் சிவத்தல், களைப்பு ஆகியவை சில வாரங்களில் தணிகின்றன. மார்பகம் சற்று இறுகுவதும் சுருங்குவதும் நீடிக்கலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்குமான நீண்டகால ஆபத்து இன்றைய முறைகளில் மிகச் சிறியது. ஆனால் தொடர்ந்து புகைபிடிப்பவர்களுக்கு அது குறிப்பிடத்தக்க அளவில் கூடுகிறது. புகையை நிறுத்துவதற்கு இதைவிட அவசரமான தருணம் இருக்க முடியாது.

இன்னொரு மறைமுகச் செலவு, பரிசோதனைகள். எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டும். அறுவையின் தழும்பும் கதிர்வீச்சின் தடயமும் படத்தில் சந்தேகத்துக்கு இடமளிப்பதால், சில ஆண்டுகளில் கூடுதல் படமோ மீண்டும் ஒரு பயாப்ஸியோ தேவைப்படலாம். அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்றே முடியும். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்களின் மனச்சுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

மூத்த வயதினருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. 65 வயதைக் கடந்த, 3 செ.மீ.க்கு மேற்படாத, ஹார்மோன் ஏற்பி உள்ள (அதாவது ஹார்மோனால் வளரக்கூடிய) கட்டியுடைய, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத பெண்களை வைத்து நடந்த பிரைம்-2 ஆய்வின் 10 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கும் பெற்றவர்களில் 0.9 சதவீதத்தினருக்கும் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. உயிரோடு இருந்தவர்களோ இரு பிரிவிலும் ஏறத்தாழ 81 சதவீதம். ஹார்மோன் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் விடாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மூத்த பெண், கதிர்வீச்சைத் தவிர்ப்பது பற்றித் தம் மருத்துவரிடம் தாராளமாகப் பேசலாம்.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: மார்பகத்தின் அளவோடு ஒப்பிட கட்டி சிறியது; ஒரே இடத்தில் அல்லது அருகருகே உள்ளது; கதிர்வீச்சை முடிக்க இயலும். கட்டி பெரிதாக இருந்தாலும், அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு இந்த வழிக்கு வர முடியுமா என்றும் கேட்கலாம். அப்படிச் செய்தால், கட்டி கரைந்து மறைந்துவிட்டாலும் இடம் தெரிய வேண்டும் என்பதற்காக, சிகிச்சை தொடங்கும் முன் அங்கே ஒரு சிறு உலோகக் கிளிப் வைக்கப்படும்.

## வழி 2: மார்பகத்தை முழுவதும் எடுப்பது

மாஸ்டெக்டமி எனப்படும் இந்த அறுவை இன்று ஹால்ஸ்டெட் காலத்தது போன்றதல்ல. மார்புத் தசைகள் அப்படியே விடப்படுகின்றன. இதன் பெரிய கவர்ச்சி, ஒரே அறுவையில் முடிந்துவிடும், கதிர்வீச்சு வேண்டாம், அந்தப் பக்கத்துக்கு மேமோகிராம் வேண்டாம் என்ற எண்ணம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

கதிர்வீச்சு வேண்டாம் என்பது உறுதியல்ல. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீர் முடிச்சுகளில் புற்றணு இருந்தாலோ, மார்பகத்தை முழுவதும் எடுத்த பிறகும் கதிர்வீச்சு பரிந்துரைக்கப்படுகிறது. ஒன்று முதல் மூன்று முடிச்சுகளில் இருந்தாலும் பலருக்குப் பரிந்துரைக்கிறார்கள். முடிச்சுகளின் முழு அறிக்கை அறுவைக்குப் பிறகே கைக்கு வரும். கதிர்வீச்சைத் தவிர்க்கவே மார்பகத்தை விட்டுக்கொடுத்த பெண், கடைசியில் இரண்டையும் ஏற்க வேண்டிவருவது மிகுந்த வேதனை தரும். அறுவைக்கு முன் அக்குளில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, சந்தேகமான முடிச்சிலிருந்து ஊசியால் மாதிரி எடுத்துப் பார்ப்பது இந்த ஏமாற்றத்தை ஓரளவு குறைக்கும்.

நோய் அதே இடத்தில் திரும்பாது என்பதும் முழு உண்மையல்ல. தோலின் அடியிலும் மார்புச் சுவரிலும் நுண்ணிய திசு எஞ்சவே செய்கிறது. வாய்ப்பு குறைவு, பூச்சியமல்ல. அந்தப் பக்கத்தில் தோன்றும் சிறு முடிச்சையும் தடிப்பையும் கவனிக்க வேண்டியது தொடர்கிறது; மறுபக்கத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராமும் தொடர்கிறது.

அறுவைக்குப் பின் தோலின் அடியில் ஓரிரு ரப்பர் குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். குழாயின் முனையில் கையடக்கமான பந்து போன்ற குப்பி. அதை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், மெல்ல விரிந்தபடி உள்ளே ஊறும் நீரை இழுக்கும். நாள்தோறும் அதைத் திறந்து, அளந்து, எழுதி வைக்க வேண்டும். சுரக்கும் அளவு பொதுவாக நாளொன்றுக்கு சுமார் 30 மி.லி.க்குக் கீழே வந்தபின் குழாயை எடுக்கிறார்கள். அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகலாம். தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புவது, குளிப்பது எப்படி, ஆடைக்குள் குப்பியை எங்கே செருகுவது என்பதெல்லாம் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். அந்த இரண்டு வாரங்களை அவைதான் நிரப்புகின்றன. ஆகவே முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டைகளையும் உதவிக்கு ஒருவரையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மார்பின் மேல்தோல் மரத்துப்போவது பெரும்பாலும் நிரந்தரம். எடுத்துவிட்ட மார்பகத்தில் வலியோ அரிப்போ இருப்பது போன்ற உணர்வும் சிலருக்கு வரும். அது மனப்பிரமை அல்ல, நரம்புகளின் இயல்பு.

மறு சீரமைப்பு வேண்டாம் என்று தட்டையான மார்போடு வாழத் தேர்ந்தெடுப்பவர்கள் கணிசமானோர். அதை முன்பே மருத்துவரிடம் தெளிவாகச் சொன்னால், தோல் மடிப்புகள் தொங்காமல் சமமாகத் தைத்துத் தருவார்கள். ஆடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகமும் உண்டு.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் நோய் பரந்திருப்பது, மேமோகிராமில் தெரியும் சந்தேகமான சுண்ணாம்புப் புள்ளிகள் மார்பகம் முழுவதும் சிதறியிருப்பது, மறு அறுவை செய்தும் விளிம்பு சுத்தமாகாதது, அதே பகுதியில் முன்பே கதிர்வீச்சு பெற்றிருப்பது, புற்றுநோயைத் தடுக்க உதவும் டி.பி.53 மரபணுவில் பிறவிக் குறைபாடு இருப்பது. அழற்சி வகைப் புற்றுநோய்க்கு மார்பகத்தைக் காக்கும் அறுவை ஏற்றதல்ல. கர்ப்ப காலத்தில் கதிர்வீச்சு தர முடியாது. ஆனால் முதலில் அறுவையும் கீமோவும் முடித்து, பிரசவத்துக்குப் பின் கதிர்வீச்சு தர முடியும் என்றால் வழி 1 அடைபட்டதல்ல. இவை எதுவும் இல்லாத ஒரு பெண், எண்களையெல்லாம் அறிந்த பின்பும் 'ஒவ்வோர் ஆண்டும் அந்த மார்பகத்தைப் பற்றிய படத்துக்காக என்னால் காத்திருக்க முடியாது' என்று உணர்ந்தால், அதுவும் நியாயமான காரணமே.

## வழி 3: முழுவதும் எடுத்து, மீண்டும் உருவாக்குவது

மறு சீரமைப்பில் இரண்டு பாதைகள். ஒன்று, சிலிக்கோன் அல்லது உப்புநீர் நிரப்பிய இம்ப்ளாண்ட். மற்றொன்று, பெரும்பாலும் அடிவயிற்றிலிருந்து எடுத்த சொந்தத் தோலும் கொழுப்பும். முதலாவதில் அறுவை நேரம் குறைவு. ஆனால் பலருக்கு முதலில் தோலை விரிக்கும் பை வைத்து, பல வாரங்களாக அதில் சிறுகச் சிறுக நீர் ஏற்றி, பின்பு இரண்டாம் அறுவையில் இம்ப்ளாண்ட் வைக்க வேண்டும். இரண்டாவதில் அறுவை பல மணி நேரம் நீள்கிறது. வயிற்றிலும் ஒரு காயம் ஆற வேண்டும். ஆனால் கிடைக்கும் உருவம் உடலோடு சேர்ந்தே கூடவும் குறையவும் செய்யும், மாற்ற வேண்டியதில்லை.

இந்த வழியின் செலவுகள்தான் மிகவும் மறைந்திருப்பவை; ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன். வட அமெரிக்க மையங்களில் 2,343 பெண்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தொற்று, காயம் ஆறாமை போன்ற ஏதேனும் ஒரு சிக்கல் வந்தது. ஐவரில் ஒருவருக்கு அதற்காக மீண்டும் அறுவை தேவைப்பட்டது. இம்ப்ளாண்ட் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பொருள் அல்ல. சிலிக்கோன் வகைக்கு ஐந்தாறு ஆண்டுகளில் முதல் ஸ்கேனும் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் எடுக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்டுகளைச் சுற்றி அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவதும் நிறுவப்பட்டுள்ளது. எந்த மேற்பரப்பு வகை வைக்கப்படுகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கதிர்வீச்சு இங்கேயும் குறுக்கிடுகிறது. இம்ப்ளாண்ட் வைத்த மார்பில் கதிர்வீச்சு பட்டால், அதைச் சுற்றி உருவாகும் தழும்புறை இறுகி, வடிவம் மாறி, வலி தரும் வாய்ப்பு கூடுகிறது. கதிர்வீச்சு தேவைப்படக்கூடும் என்று தெரிந்தால், சீரமைப்பைத் தள்ளிப்போடுவதோ சொந்தத் திசுவைத் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் நல்லது. புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் தோல் கருகிப்போகும் ஆபத்தைக் கூட்டும். காம்பைக் காத்துச் செய்யும் அறுவையில் தோற்றம் மிக இயல்பாக அமையலாம்; தொடு உணர்வோ பெரும்பாலும் திரும்புவதில்லை. தோற்றமும் உணர்வும் வேறு வேறு என்பதை அறுவைக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கப்படும் பெண்கள் பலர்.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: மருத்துவக் காரணத்தால் மார்பகத்தை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் மார்பின் உருவம் தமக்கு முக்கியம், ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகளைத் தாங்கும் உடல்நலமும் பொறுமையும் உண்டு. உடனே முடிவெடுக்க இயலாதவர்கள் அறுவையை மட்டும் செய்துகொண்டு, ஓரிரு ஆண்டுகள் கழித்தும் சீரமைத்துக்கொள்ளலாம்.

## இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வி அச்சத்தின் உச்சத்தில் எழுகிறது. ஒரு மார்பகத்தில் நோய் வந்த பெண்களுக்குப் பொதுவாக, மறுபக்கத்தில் புதிதாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் சுமார் 7 சதவீதம் என்று 2024இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. இரண்டையும் எடுத்தவர்களில் அது வெகுவாகக் குறைந்தது; ஆனால் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய் வேறிடங்களுக்குப் பரவுகிறதா என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நலமாக இருக்கும் மறு மார்பகத்தை எடுப்பதால் அது மாறுவதில்லை. சிக்கல்களின் வாய்ப்போ இரட்டிப்பாகிறது.

மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குறைபாடு உள்ளவர்களின் கணக்கு வேறு. முதல் புற்றுநோய்க்குப் பின் 20 ஆண்டுகளில் மறுபக்கத்தில் வரும் வாய்ப்பு, பி.ஆர்.சி.ஏ.-1 வகையினருக்கு 40 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.-2 வகையினருக்கு 26 சதவீதம் என 2017இல் வெளியான ஆய்வு கணித்தது. இவர்களுக்கு இரண்டையும் எடுப்பது ஆழ்ந்து பரிசீலிக்க வேண்டிய வழி. ஆகவே இளவயதில் நோய் வந்தவர்களும், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்களும் மரபணுப் பரிசோதனை முடிவை அறுவைக்கு முன்பே பெற முயல வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கட்டி நீக்கம் + கதிர்வீச்சு | முழு நீக்கம் | முழு நீக்கம் + சீரமைப்பு |
|---|---|---|---|
| உயிர் பிழைப்பு | சமம் | சமம் | சமம் |
| அதே இடத்தில் திரும்புதல் | சற்றுக் கூடுதல் | குறைவு, பூச்சியமல்ல | குறைவு, பூச்சியமல்ல |
| கதிர்வீச்சு | பெரும்பாலும் கட்டாயம் | சிலருக்கு | சிலருக்கு. சீரமைப்பைப் பாதிக்கும் |
| மறு அறுவை வாய்ப்பு | விளிம்பு சுத்தமாக இல்லையென்றால் | குறைவு | அதிகம் |
| குணமடையும் காலம் | ஓரிரு வாரம். பிறகு கதிர்வீச்சு | சில வாரங்கள் | பல வாரங்கள், சில கட்டங்களாக |
| தொடு உணர்வு | பெரும்பாலும் எஞ்சும் | இழப்பு | பெரும்பாலும் இழப்பு |
| பின்னாள் மேமோகிராம் | இரு பக்கமும் | மறுபக்கம் மட்டும் | மறுபக்கம் மட்டும். இம்ப்ளாண்டுக்கு ஸ்கேன் |

இரண்டுமே பொருந்தும் என்று மருத்துவர் சொன்ன ஒரு பெண் என் கருத்தைக் கேட்டால், கதிர்வீச்சு கைக்கெட்டும் இடத்தில் இருக்குமானால் முதல் வழியிலிருந்து யோசிக்கத் தொடங்கும்படியே சொல்வேன். மார்பகத்தைக் காத்தபின் தேவைப்பட்டால் பிறகு எடுக்க முடியும். எடுத்தபின் திரும்பப் பெற முடியாது. எனினும் இந்த முடிவு அவருடையது. கணவரும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் அன்பினால்தான் 'எல்லாவற்றையும் எடுத்துவிடு' என்று வற்புறுத்துகிறார்கள். அந்த உடலோடு வாழப்போவது அவர்தான் என்பதையும், பிழைப்பில் வேறுபாடில்லை என்ற உண்மையையும் அவர்களும் சேர்ந்து கேட்கும்படி மருத்துவ ஆலோசனைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

யோசிக்க நேரம் இருக்கிறது. ஓரிரு வாரம் எடுத்துக்கொண்டு இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அந்த இடைவெளியில் மருத்துவரிடம் கேட்டு, விடைகளைக் குறித்துக்கொள்ள வேண்டியவை இவை:

- என் கட்டியின் அளவுக்கும் மார்பகத்தின் அளவுக்கும், காக்கும் அறுவைக்குப் பின் வடிவம் எப்படி இருக்கும்? மார்பகத்தைத் திருத்தி அமைக்கும் அறுவையும் சேர்த்துச் செய்ய முடியுமா?
- முழுவதும் எடுத்தாலும் எனக்குக் கதிர்வீச்சு தேவைப்படும் வாய்ப்பு எவ்வளவு? அக்குளை அல்ட்ராசவுண்டில் பார்த்தீர்களா?
- கதிர்வீச்சு எத்தனை முறை, எத்தனை வாரம்?
- அறுவைக்கு முன் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது எனக்குப் பொருந்துமா?
- மரபணுப் பரிசோதனை எனக்குத் தேவையா? முடிவு வர எத்தனை நாள் ஆகும்?
- விளிம்பில் புற்றணு இருப்பதாக அறிக்கை வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், எத்தனை நாட்களுக்குள்?